வாசி இல்லாத காசு

'வாசி' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் ஊர் கரவெட்டியில், ஆறாம் வகுப்புச் சைவசமய பாடத்தில். திருவீழிமிழலையில் பஞ்சம். ஞானசம்பந்தரும் அப்பரும் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சோறு போட வழியில்லை. இறைவன் கனவில் வந்து பஞ்சம் தீரும்வரை நாளுக்கொரு காசு தருவதாகச் சொல்கிறான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒன்று. அந்தக் காசில் அரிசி வாங்கி இரண்டு மடங்களிலும் உலை வைக்கிறார்கள்.

அப்பருடைய மடத்தில் நேரத்துக்குப் பந்தி நடக்கிறது. சம்பந்தருடைய மடத்தில் தினமும் பிந்துகிறது. ஏன் என்று சமையற்காரரைச் சம்பந்தர் கேட்கிறார். அப்பர் பெறும் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், உங்கள் காசுக்கு மட்டும் வாசி கேட்கிறார்கள், அதனால் நேரமாகிறது என்கிறார்கள் அவர்கள். வாசி என்றால் வட்டம், காசை மாற்றும்போது கழித்துக்கொள்வது என்று எங்கள் ரீச்சர் கரும்பலகையில் எழுதினார். சம்பந்தர் வாசி நீங்கக் காசு வேண்டும் என்று பதிகம் பாடினார், பெற்றார். சோதனையில் இதை எழுதி முழுப்புள்ளி வாங்கினேன். பிறகு ஊரிலும் லண்டனிலுமாக எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்தப் பதிகத்தைக் கோயிலில் பாடியிருக்கிறேன்.

அதைப் பாடிக்கொண்டே 31 மாதம் வாசி கொடுத்தேன். 2011 செப்டெம்பரில் தொடங்கி 2014 மார்ச் வரை. ஈஸ்ட்ஹாமில் இருந்து, கடன் தீர்த்துத் தருவதாகச் சொன்ன ஒரு கம்பனிக்கு.

எங்கள் கடன் அப்போது 16,800 பவுண். மூன்று கடனட்டை, ஒரு வங்கிக் கடன், தவணைக்குச் சாமான் அனுப்பும் கடை ஒன்று. ஐந்து பேருக்குக் கொடுக்க வேண்டும். எப்படி வந்தது என்று கேட்டால், கடமை கடமை என்று செய்ததில் வந்தது. 2009 வைகாசியில் இலங்கையில் சண்டை முடிந்தபோது என் தங்கச்சி குடும்பம் வவுனியா முகாமில் இருந்தது. அவர்களை வெளியே எடுக்க, கொழும்பில் அறை எடுத்துக் கொடுக்க, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க என்று அனுப்பினேன். அடுத்த வருடம் என் மூத்த மகளின் சாமத்தியவீடு. மண்டபம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு, வீடியோ. அதே வருடக் கடைசியில் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த என் கணவருக்கு முதுகு விழுந்துவிட்டது. பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் நான் எடுக்கும் சம்பளம் மட்டும்தான்.

தமிழில் கடன் என்பது வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்கும் பெயர், செய்தே ஆக வேண்டியதற்கும் பெயர். புறநானூற்றில் பொன்முடியார் தாயின் கடன், தந்தையின் கடன், கொல்லனின் கடன், வேந்தனின் கடன் என்று எண்ணிச் சொல்வது இந்த இரண்டாவது கடனைத்தான். அப்பர் இன்னும் ஒரு படி மேலே போய், கடம்பூர்ப் பெருமானிடம் உனக்கும் ஒரு கடன் உண்டு, என்னைத் தாங்குவது அது என்று உரிமையோடு சொல்கிறார். ஒரு கடனைச் செய்வதற்காக மற்றக் கடனை எடுத்த எங்கள் வீடுகள் லண்டனில் ஏராளம். ஊதாரித்தனம் என்று அதைச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். முகாமில் இருந்த தங்கச்சிக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் எனக்குக் கடன் குறைந்திருக்கும். நான் யாராக இருந்திருப்பேன்?

ஆனால் சாமத்தியவீட்டை ஐம்பது பேரோடு வீட்டிலேயே செய்திருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில் வெள்ளை உறை, பிறகு சிவப்பு எழுத்து. உடைக்காமல் சமையலறை லாச்சிக்குள் வைத்தேன், அரிசி அளக்கும் சுண்டுக்குப் பக்கத்தில். லாச்சி மூட முடியாமல் போனபோது கொஞ்சத்தைக் கிழித்தேன். சுந்தரர் கல்யாணப் பந்தலில் அதைத்தானே செய்தார்? கிழவர் வேடத்தில் வந்த இறைவன், உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதித் தந்திருக்கிறான் என்று நீட்டியதும் பறித்துக் கிழித்தார். கிழித்தது படி ஓலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் பத்திரமாக வெளியே வந்தது. கடிதத்தைக் கிழித்தால் கடன் கிழியாது என்பது இந்தக் கதையைப் பத்துத் தரம் பிள்ளைகளுக்குச் சொன்ன எனக்குத் தெரியாததா? இந்த நாட்டில் கடனாளிக்கும் ஓலையைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கிறது. 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின்படி ஒரு பவுண் கட்டி ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்கலாம். அது எனக்குத் தெரிந்தது மிகவும் பிந்தி.

இந்த நிலையில்தான் அந்தக் கம்பனி வந்தது. தொலைக்காட்சியில் விளம்பரம். பெயரைப் பார்த்தால் அரசாங்கத் திட்டம் போல இருந்தது. ரெலிபோனில் கதைத்த பெண் நல்ல மாதிரி. மாதம் 190 பவுண் எங்களிடம் கட்டுங்கள், ஐந்து பேருக்கும் நாங்கள் பிரித்துக் கொடுப்போம், ஒருவரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள் என்றாள். கட்டணம் உண்டு என்றும் சொன்னாள், மறைக்கவில்லை. முதல் இரண்டு மாதக் காசு முழுவதும் தொடக்கச் செலவுக்கு. அதன் பிறகு மாதம் 35.

அந்தக் கட்டணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதக் கை கூசினாலும் எழுதத்தான் வேண்டும். இனாமாகச் செய்துதரும் இடங்கள் இருக்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அப்போதே சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றேன். இனாம் என்றால் கையேந்துவது. காசு கொடுத்தால் நான் வாடிக்கைக்காரி, நிமிர்ந்து கதைக்கலாம். திருக்குறளில் இரவு என்று ஓர் அதிகாரம், அடுத்தாற்போல் இரவச்சம் என்று ஓர் அதிகாரம். 106, 107. முதலாவதில் ஒளிக்காமல் கொடுக்கிறவரிடம் கேட்பதில் இழிவில்லை என்கிறார் வள்ளுவர். அடுத்ததில் அப்படிப்பட்டவரிடம்கூடக் கேளாதிருப்பதே கோடி பெறும் என்கிறார். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது காரணத்தோடுதான். நான் 107ஐ மட்டும் மனப்பாடம் செய்து வளர்ந்தவள்.

இரண்டரை வருடம் போனது. தொலைபேசி அடிப்பது குறைந்தது உண்மை. ஆனால் ஐந்து பேரில் ஒருவர் வட்டியை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கடன் மேலாண்மைத் திட்டம் என்பது வெறும் பேச்சு உடன்பாடு, கடன் தந்தவர் மனது வைத்தால்தான் உண்டு. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. கவுன்சில் டாக்ஸ் பாக்கி இருக்கிறதா என்று கம்பனி ஒரு தரமும் கேட்கவில்லை. கடனட்டைக்காரர் அழைக்கிறார்களே என்று அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாத கவுன்சிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். 2014 தை மாதம் நீதிமன்ற அழைப்புக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் வாடகை, கவுன்சில் டாக்ஸ், மின்சாரம், காஸ் இவைதான் முதற்கடன். கட்டாவிட்டால் வீடு போகும், சாமான் தூக்க ஆள் வரும். கடனட்டை கடைசி வரிசை. அதிகம் சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கொடுத்தேன், அதுதான் நான் விட்ட பிழை. அதைப் பிழை என்று சொல்லத்தான் கம்பனிக்கு மாதம் 35 கொடுத்தேன் என்று எண்ணியிருந்தேன்.

மேனர்பார்க் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் வெட்டப் போவேன். எனக்கு எதிரே ஒரு ஐயா இருந்து வெட்டுவார். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர், எழுபது தாண்டிய மனிதர். பூசினிக்காயைக் கீறி விதை எடுத்துக்கொண்டிருந்தபோது, கோட்டுக் கடிதம் மனதுக்குள் அழுத்தி, வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"மாசம் எவ்வளவு கட்டுறாய் பிள்ளை?"

"நூற்றித்தொண்ணூறு, ஐயா."

"அதில அவங்கள் எவ்வளவு எடுக்கிறாங்கள்?"

"முப்பத்தஞ்சு."

"மாசாமாசமோ?"

"ஓம். முதல் ரெண்டு மாசம் முழுக்க எடுத்தவை."

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். கையைத் துடைத்துவிட்டு, மரக்கறி வந்த அட்டைப்பெட்டி மூடியில் பேனையால் கணக்குப் போட்டார். இரண்டு மாதம் 190, அது 380. இருபத்தொன்பது மாதம் 35, அது 1,015. கூட்டினால் 1,395. நான் கட்டியது மொத்தம் 5,890. கடனுக்குப் போனது 4,495. நாலு பவுணில் ஏறக்குறைய ஒரு பவுண் கம்பனிக்கு. அந்த அட்டையில் பூசினிக்காய்ச் சாறு பட்டு மை கொஞ்சம் ஊறியிருந்தது. 1,395 மட்டும் ஊறாமல் தெளிவாக நின்றது.

"சும்மா செய்து குடுக்கிற இடங்கள் இருக்கெல்லே?" என்றார்.

"சும்மா தாறது எனக்கு வேண்டாம் ஐயா."

"சும்மா எண்டு ஆர் சொன்னது? ஆரோ குடுக்கினம்."

அவ்வளவுதான். திரும்பவும் பூசினிக்காயை எடுத்துக்கொண்டார்.

அன்று பந்தியில் பரிமாறும்போது அவர் சொன்னது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வரிசையில் ஒரு டொக்டர் தட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் மினிகாப் ஓடும் தம்பி, பின்னால் விசா இல்லாமல் தங்கியிருக்கும் இரண்டு பெடியன்கள், பின்னால் நகை போட்ட அம்மா. எல்லோருக்கும் ஒரே அகப்பை. யாரையாவது நான் கையேந்தி என்று நினைத்திருக்கிறேனா? ஒரு நாளும் இல்லை. சோற்றைப் போடும்போது அவர்கள் வாங்குவதே எனக்குத் தரும் பேறு என்றுதான் எண்ணியிருக்கிறேன். அந்தச் சோறு சும்மா வந்ததுமில்லை. அன்றைய உபயகாரரின் பெயர் வாசற் பலகையில் இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அவர் கொடுத்திருக்கிறார். சாப்பிடுகிறவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடன் உதவிக்கு உபயகாரர் யார் என்று பார்த்தேன். அது எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. சிற்றிசன்ஸ் அட்வைஸ் 1939இல், யுத்தம் அறிவித்த மறுநாள், மக்களுக்கு வழி சொல்லவென்று தொடங்கியது. நாஷனல் டெற்லைன் 1987இல் பேர்மிங்ஹாமில். ஸ்டெப்சேஞ்ச் 1993இல் வேறொரு பெயரில் லீட்ஸில் தொடங்கி 2012இல் இந்தப் பெயரை எடுத்தது. அங்கே திட்டம் போட்டால் நான் கட்டும் 190உம் முழுதாக என் கடனில் கழியும். வாங்கிய வங்கிகள் தங்கள் பங்கில் ஒரு வீதத்தை அந்தத் தர்ம ஸ்தாபனத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. அதாவது உபயம் கடன் தந்தவனுடையது. அவன் காசில் நடக்கும் இடம் என் பக்கம் நின்று பேசுமா? இந்தச் சந்தேகம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். தர்மம் என்று பெயர் இருப்பதாலேயே ஓர் இடத்தை நம்பக்கூடாது. அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

2014 மார்ச்சில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மதியச் சமையலுக்குப் போகுமுன் ஸ்டெப்சேஞ்சைக் கூப்பிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. கடனைப் பற்றி அந்த ஆலோசகர் முதலில் கேட்கவேயில்லை. வாடகை கட்டியாயிற்றா, கவுன்சில் டாக்ஸ் எவ்வளவு பாக்கி, மீற்றரில் காசு இருக்கிறதா என்று கேட்டார். கவுன்சிலை இன்றே கூப்பிட்டுத் தவணை பேசுங்கள், அதை முதலில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம் என்றார். பிறகு வரவுசெலவு. உடுப்பு என்ற இடத்தில் பூச்சியம் சொன்னேன். பிள்ளைகள் வளரவில்லையா, சப்பாத்து வாங்க மாட்டீர்களா என்று கேட்டு ஒரு தொகை போட வைத்தார். கோயிலுக்கு ஏதும் கொடுப்பீர்களா என்றும் கேட்டார். எட்டுப் பவுண் என்றேன். எழுதிக்கொண்டார். அந்த எட்டுப் பவுணை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. மாதா மாதம் காசெடுத்த கம்பனிக்கு நான் ஒரு தொகை. கடன் தந்தவன் காசில் நடந்த இடத்தில் நான் பிள்ளைகளுள்ள, கோயிலுள்ள ஒரு மனுசி. யார் உபயம் என்பதைவிட எப்படிப் பரிமாறினார்கள் என்பது எனக்குப் பெரிதாகிப் போனது.

விட்டு வந்த விதத்தையும் சொல்கிறேன், யாருக்காவது வேண்டியிருக்கும். கம்பனியை விடுவதற்கு முன்பே புதிய திட்டத்தை ஏற்பாடு செய்து அதன் இலக்கத்தை எடுத்துக்கொண்டேன். இடையில் ஒரு மாதம் வெறுமையாகிவிடக் கூடாது. ஐந்து பேருக்கும் இனி யார் மூலம் கட்டுவேன் என்று கடிதம் போட்டேன். கம்பனிக்கு இரண்டே வரி: இந்தத் திகதியோடு நிறுத்துகிறேன், இதுவரை நான் கட்டியதில் யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை அனுப்புங்கள். பிறகு வங்கிக்குப் போய் ஸ்டாண்டிங் ஓடரை நிறுத்தினேன். கம்பனியில் இருந்து கூப்பிட்டார்கள். பாதுகாப்புப் போய்விடும், வட்டி எல்லாம் திரும்ப ஏறும் என்றார்கள். கை நடுங்கியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அவர்களுடையதல்ல என்று இப்போது எனக்குத் தெரியும். வட்டியை நிறுத்திய நான்கு பேரும் புதிய திட்டத்திலும் நிறுத்தினார்கள், ஐந்தாமவரும் சேர்ந்துகொண்டார். கணக்கு வந்தபோது கடைசி மாதக் காசு இன்னும் அவர்களிடமே கிடந்தது தெரிந்தது. அது கடன்காரருக்குப் போய்ச் சேர ஐந்து வாரம் பிடித்தது. என் கடன் பதிவில் விழுந்த கறை எந்தத் திட்டத்திலும் ஆறு வருடம் நிற்கத்தான் நின்றது.

இந்தக் காலத்தில் என்னிடம் அதிகம் சொல்லப்பட்ட சொல் கர்மம். போன பிறப்பில் யாருக்கோ கொடுக்காமல் விட்டிருப்பாய், அனுபவித்துத் தீர் என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். நான் தீட்சை வாங்கியவள், வினையை நம்புகிறவள். ஆனால் எங்கள் சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறப்புக்கு அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். பிராரத்தத்தை உடம்போடு கழிக்க வேண்டும் என்பது சரி. ஆகாமியத்தையும் ஏறவிட்டுக்கொண்டு இரு என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அது ஏறாமல் தடுப்பதைத்தான் அருள் என்கிறோம். முதலும் தவணையும் வட்டியுமாகக் கிடக்கும் ஒரு கடன் தாளை இந்த மூன்று சொற்களால் என்னால் வாசிக்க முடிந்தது. வாங்கியதைக் கொடுப்பேன், அது என் பிராரத்தம். மேலே மேலே ஏறுவதைச் சகிப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் உழைப்புக்குக் கூலி கேட்பது பாவமா? கோயிலில் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்குகிறோம், ஐயருக்குத் தட்சணை வைக்கிறோம். கம்பனிக்காரரும் கடிதம் எழுதினார்கள், ரெலிபோன் எடுத்தார்கள். இதை நான் பல நாள் யோசித்தேன். கூலி வேறு, வாசி வேறு என்று எனக்குப் படுகிறது. கூலியை நான் என் கையில் இருப்பதிலிருந்து கொடுக்கிறேன். தட்சணை நான் முடிந்ததை மனமுவந்து வைப்பது. வாசி, இன்னொருவர் சோற்றுக்கென்று வந்த காசுக்குள்ளேயே நுழைந்து குறைப்பது. பீடத்தில் வைத்த காசு அடியார் பசிக்கானது. நான் கட்டிய 190 கடனுக்கானது. அதற்குள் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதைத் திருவீழிமிழலைக் கதையைப் பாடிய சேக்கிழார் சரியாகச் சொல்லியிருக்கிறார். உலை பிந்துகிறது. நான் விட்டு வரும்போது மிச்சக் கடன் 13,205 பவுண். கட்டணம் போக 155 வீதம் போயிருந்தால் 86 மாதம் பிடித்திருக்கும். 190 வீதம் போனால் 70. பதினாறு மாதம் என் பிள்ளைகளுக்கு உலை பிந்தியிருக்கும்.

லண்டன் பிரிட்ஜுக்குக் கிட்ட, பரோ ஹை ஸ்ட்ரீட்டில், ஓர் ஒடுங்கிய சந்துக்குள் பழைய செங்கல் மதில் ஒன்று நிற்கிறது. மார்ஷல்சீ கடன் சிறையில் மிஞ்சியது அதுதான். 1824இல் சார்ள்ஸ் டிக்கன்ஸின் தகப்பனை ரொட்டிக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 40 பவுண் 10 சிலிங்குக்காக அங்கே அடைத்தார்கள். மகனுக்கு அப்போது 12 வயது, சப்பாத்து மை போத்தலுக்கு லேபல் ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சிறைகளில் இருக்கக் கடனாளி கட்டணம் கட்ட வேண்டும் என்று வாசித்தபோது மதிலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கடன் கட்ட முடியாததற்காக அடைத்து, அடைத்ததற்குக் காசு. 1842இல் அதை மூடிவிட்டார்கள். ஆனால் கடன் நிவாரண ஆணைக்கு, அதாவது கையில் ஒன்றுமில்லை என்று அறிவித்துக் கடனை நீக்கும் ஏற்பாட்டுக்கு, 2024 ஏப்ரல் வரை 90 பவுண் கேட்டார்கள். இப்போது அது இல்லை. அதே வருட ஜூனில் 50,000 பவுண் வரை கடன் உள்ளவரும் கேட்கலாம் என்றாக்கினார்கள். 2021 மே மாதத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 60 நாள் மூச்சுவிடும் காலம் இருக்கிறது. அந்த நாட்களில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏற்ற முடியாது, துரத்த முடியாது. எனக்கு அவை இருக்கவில்லை. வந்ததில் சந்தோசம்.

திருவீழிமிழலைக் கதையில் ஒரு முள் இருக்கிறது, அதை ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அப்பர் காசுக்கு ஏன் வாசியில்லை? அவர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர், அதனால் என்று சம்பந்தரே உணர்கிறார். அப்படியென்றால் உழைத்தவருக்குத்தான் முழுக்காசா, உழைக்க முடியாதவர் வாசி கொடுத்தே ஆக வேண்டுமா? முதுகு விழுந்து கிடக்கும் என் கணவருக்கு என்ன கணக்கு? இந்த இடம் என்னை வருத்தியது. பிறகுதான் கதையின் அடுத்த அடியைக் கவனித்தேன். சம்பந்தர் மறுநாள் உழவாரம் எடுத்துக்கொண்டு போகவில்லை. வாசலில் நின்று கேட்டார். குறையைப் பெயர் சொல்லிக் கேட்டார். அடுத்த காசு வாசியில்லாமல் வந்தது. இறைவன் காசாகவே இருந்தாலும் அதில் குறை இருந்தால் குறை என்று சொல்லலாம், சொன்னால் நீங்கும் என்று அந்தப் பிள்ளை நம்பியது. என் பிழை கடன்பட்டது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கேளாமல் இருந்ததுதான் பெரிய பிழை. கேட்பதைக் கௌரவக் குறைவு என்று எண்ணி, அந்தக் கௌரவத்தின் விலையைப் பிள்ளைகள் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கடைசிக் கட்டணம் 2020 தையில், பொங்கலுக்கு அடுத்த வாரம் போனது. முழு 190 வேண்டியிருக்கவில்லை, 95 தான் மிச்சம். அந்த ஐயா அதற்கு முன்பே காய் வெட்ட வருவதை நிறுத்திவிட்டார், கண் தெரியாமல் போய்விட்டது. மகன் வீட்டுக்குப் போய்ப் பூச்சியம் போட்ட கடிதத்தை வாசித்துக் காட்டினேன். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

அன்று ரெலிபோனில் போட்ட வரவுசெலவுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி ஊரில் இருந்த அம்மாவுக்கு. மாதம் 40 பவுண் அனுப்பி வந்தேன். கவுன்சில் பாக்கியைக் கட்ட இடம் வேண்டும், கொஞ்ச நாளைக்குக் குறைக்க முடியுமா என்று ஆலோசகர் கேட்டார், வற்புறுத்தவில்லை. நான்தான் 25 என்று சொன்னேன். கொஞ்ச நாள் என்றது வருடங்களாயிற்று. ஒரு தரம் அம்மா ரெலிபோனில், "காசு குறைஞ்சிருக்கு பிள்ளை, அங்க உனக்குக் கஷ்டமோ?" என்று கேட்டா. "இல்லை அம்மா, பவுண் விழுந்திட்டுது" என்றேன். அம்மா 2017 ஆடியில் போய்விட்டா. அந்த வரியில் 40 வெட்டப்பட்டு 25 என்று என் கையெழுத்தில் இருக்கிறது.